தளபதியை விற்றது துரோகமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2025 நவம்பரில் ரவீந்திர ஜடேஜாவை சென்னை சூப்பர் கிங்ஸ் கைமாற்றியது சரியான காரியம். ஆனால், தாமதமாகச் செய்த சரியான காரியம். கோபப்பட வேண்டுமென்றால் அந்தத் தாமதத்தின் மீது கோபப்படுங்கள். விற்றதற்காகக் கோபப்படாதீர்கள்.

மூலக்கொத்தளத்தில் குடியிருந்துகொண்டு இப்படி எழுதக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். பேசின் பிரிட்ஜ் பக்கம் எந்த டீக்கடையில் வேண்டுமானாலும் போய் இதைச் சொல்லிப் பாருங்கள். 'இன்னா சார் நீ... பன்னெண்டு வருஷம் நமக்காக ஆடுன மனுசன தூக்கிக் குடுத்துட்டானுங்க, நீ கணக்கு பேசினு கீற' என்றுதான் பதில் வரும். கணக்கு பேசத்தான் போகிறேன். படித்தது பி.காம். வேறு என்ன பேசுவது?

நடந்ததை ஒருமுறை வரிசையாகப் பார்த்துவிடலாம். 2025 ஐ.பி.எல்-லில் 10 அணிகளில் சென்னைக்குக் கிடைத்தது 10-வது இடம். 14 ஆட்டங்களில் 4 வெற்றி. 2008-இல் போட்டி தொடங்கியதிலிருந்து சென்னை கடைசி இடத்துக்குப் போனது அதுவே முதல்முறை. சேப்பாக்கத்தில் பெங்களூருவிடம் 17 வருடம் கழித்துத் தோற்றார்கள். அதே சேப்பாக்கத்தில் கொல்கத்தாவுக்கு எதிராக 20 ஓவர் முழுக்க ஆடி எடுத்தது 9 விக்கெட்டுக்கு 103. வீடு ஒழுகவில்லை, இடிந்தே விட்டது. திரும்பக் கட்டியாக வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. நவம்பர் 15 அன்று அறிவிப்பு வந்தது. ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்கு. சஞ்சு சாம்சன் சென்னைக்கு.

உடனே ஒப்பாரி. 'துரோகம்' என்றார்கள். 'குடும்பம் என்று சொல்லிவிட்டு இப்படிப் பண்ணலாமா' என்றார்கள்.

ஜடேஜா சாதாரண ஆள் இல்லை. அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. 2012-இல் வந்தவர். சென்னை அணி தடையில் இருந்த 2016, 2017 இரண்டு வருடம் போக, 12 சீசன் மஞ்சள் சட்டை போட்டிருக்கிறார். பிராவோவையும் தாண்டி, சென்னைக்காக அதிக விக்கெட் எடுத்தவர். 2023 ஃபைனல் யாருக்கு மறக்கும்? அகமதாபாத்தில் மழை, ஆட்டம் நள்ளிரவைத் தாண்டி இழுத்தது. கடைசி இரண்டு பந்தில் 10 ரன் வேண்டும். மோகித் சர்மா பந்தில் ஒரு சிக்ஸர், ஒரு ஃபோர். ஐந்தாவது கோப்பை. அந்த ஒரு ராத்திரிக்காகவே அவருக்கு சிலை வைக்கலாம்.

சரி, சிலை வைக்கலாம் என்று இன்றைக்குச் சொல்கிற நாம், அவர் சென்னையில் இருந்தபோது என்ன செய்தோம்? அவர் பேட்டைத் தூக்கிக்கொண்டு இறங்கினால், 'சீக்கிரம் அவுட் ஆகு, அடுத்து தோனி வரட்டும்' என்று காத்திருந்தோம். நான் கற்பனை செய்யவில்லை. 2023-இல் ஜடேஜாவே இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் முன்னாடியே இறங்கினால் நான் அவுட் ஆவதற்காகத்தான் கூட்டம் காத்திருக்கும் என்கிற அர்த்தத்தில். தன் விக்கெட் விழுந்தால் சொந்த ஊர் மைதானமே கைதட்டும் என்று தெரிந்தே ஆடிய மனிதர் அவர். அப்போது துரோகம் என்ற வார்த்தை நம் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. நிர்வாகம் ராஜஸ்தானுக்கு அவரைக் கொடுப்பதற்கு இரண்டு வருடம் முன்பே கேலரியில் இருந்த நாம் அவரைக் கொடுத்துவிட்டோம்.

அடுத்து இந்த 'குடும்பம்'. சென்னை அணி இந்தியா சிமென்ட்ஸ் வீட்டுப் பிள்ளையாகப் பிறந்தது. 1946-இல் தொடங்கிய அந்த சிமென்ட் கம்பெனியே 2024 டிசம்பரில் அல்ட்ராடெக் கைக்குப் போய்விட்டது. கிரிக்கெட் அணி தனிக் கம்பெனியாகப் பிரிந்து தப்பித்தது. தலைமுறைகள் கட்டிக்காத்த சிமென்ட் ஆலையையே விற்க வேண்டிய நேரம் வந்தால் விற்கிறார்கள். அது வியாபாரம். அந்த வியாபாரத்துக்கு 'குடும்பம்' என்று பெயர் வைத்தது விளம்பரத்துக்காக. விளம்பரத்தை நம்பி ஏமாந்துவிட்டு, வியாபாரத்தைத் திட்டுவதில் அர்த்தமில்லை.

இப்போது கணக்கு. பி.காம் முதல் வருடத்திலேயே தேய்மானம் என்று ஒரு பாடம் வரும். லாரி வாங்கினாலும் லேத் மிஷின் வாங்கினாலும் வருடா வருடம் அதன் மதிப்பில் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டே வர வேண்டும். வாங்கிய விலையையே பத்து வருடம் கழித்தும் பேலன்ஸ் ஷீட்டில் காட்டினால் ஆடிட்டர் கையெழுத்துப் போட மாட்டார். உங்களுக்கு அந்த லாரி மீது எவ்வளவு பாசம் இருக்கிறது என்று அவர் கேட்க மாட்டார்.

2024 அக்டோபர் கடைசியில் சென்னை நிர்வாகம் ஜடேஜாவை 18 கோடி ரூபாய்க்குத் தக்கவைத்தது. அதற்கு நாலு மாதம் முன்புதான், உலகக் கோப்பை ஜெயித்த கையோடு, சர்வதேச டி-20 ஆட்டத்திலிருந்து அவர் ஓய்வு பெற்றிருந்தார். டிசம்பரில் 36 வயது ஆகப்போகிறது. அவரை ஏலத்துக்கு விட்டுவிட்டு, குறைந்த விலைக்குத் திரும்பப் பிடிக்க முயற்சி செய்திருக்கலாம். செய்யவில்லை. அடுத்த வருடமே ராஜஸ்தானுக்குப் போகும்போது அவர் சம்பளம் 14 கோடியாகக் குறைந்தது. ஆக, ஒரு வருடத் தேய்மானம் 4 கோடி. இதைத்தான் 2024-இலேயே புத்தகத்தில் எழுதியிருக்க வேண்டும்.

இன்னொரு செலவும் இருக்கிறது. 31 வயது சாம்சன் வேண்டும் என்று போனபோது, ஜடேஜாவை மட்டும் கொடுத்து வாங்க முடியவில்லை. 27 வயது சாம் கரனையும் கூடச் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அவர் சம்பளம் வெறும் 2 கோடியே 40 லட்சம். திரும்பக் கட்டுகிற அணிக்குத் தேவைப்படுகிற வயது, தேவைப்படுகிற விலை. வயதானவரை விற்கத் தாமதித்ததற்கு வட்டியாக ஓர் இளைஞர் போனார். இதற்கு யாரும் ஒப்பாரி வைத்ததாகத் தெரியவில்லை.

'சரக்கு மாதிரிப் பேசுகிறாயே, மனிதர்கள் இல்லையா?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதனால் சுரேஷ் ரெய்னாவைப் பற்றிப் பேசுவோம்.

ரெய்னா முதல் சீசனிலிருந்து சென்னையின் சொத்து. 'சின்னத் தல' என்று கூப்பிட்டோம். 2021-இல் ஆட்டம் இறங்குமுகம். நிர்வாகம் அவரை விற்கவில்லை. கடைசிவரை வைத்திருந்தது. 2022 பிப்ரவரி ஏலத்தில் அவர் பெயர் வந்தபோது சென்னை கையைத் தூக்கவில்லை. வேறு எந்த அணியும் தூக்கவில்லை. டி.வி-யில் நாடே பார்க்க, 'அன்சோல்டு'. ஐ.பி.எல்-லின் மிகப்பெரிய பெயர்களில் ஒருவர் அப்படித்தான் வெளியே போனார்.

இப்போது சொல்லுங்கள். எது மரியாதை? இன்னும் கிராக்கி இருக்கும்போதே, 14 கோடி சம்பளத்துக்கு, 2008-இல் அவர் கோப்பை வென்ற அதே பழைய அணிக்கு, அவர் சம்மதத்தோடு அனுப்பிவைப்பதா? அல்லது மதிப்பு பூஜ்யம் ஆகும்வரை கட்டிப்பிடித்து வைத்திருந்து, ஏல மேடையில் அநாதையாக விடுவதா? ஐ.பி.எல் விதிப்படி வீரர் ஒப்புக்கொள்ளாமல் டிரேடு நடக்காது. ஜடேஜாவுக்கு நடந்தது வழியனுப்பு. துரோகம் என்ற வார்த்தை ரெய்னாவுக்கு நடந்ததற்குத்தான் பொருந்தும்.

அடுத்த வாதம் எனக்குத் தெரியும். 'டாடீஸ் ஆர்மி!' 2018-இல் கிழவர்கள் என்று கிண்டல் பண்ணிய அணிதானே கோப்பை ஜெயித்தது? ஃபைனலில் 117 அடித்த வாட்சனுக்கு 36 வயது. ஹர்பஜனுக்கு 37. இம்ரான் தாஹிருக்கு 39. அனுபவம்தானே ஜெயித்தது?

ஆமாம், ஜெயித்தது. ஆனால் விலைப்பட்டியலைப் பாருங்கள். வாட்சன் 4 கோடி. ஹர்பஜன் 2 கோடி. அம்பத்தி ராயுடு 2 கோடியே 20 லட்சம். தாஹிர் 1 கோடி. யாருக்கும் வேண்டாத வயதை அடிமாட்டு விலைக்கு வாங்கி, அதில் மிச்சம் இருந்த ஆட்டத்தைப் பிழிந்து எடுத்த கெட்டிக்காரத்தனம் அது. 2023-இல் ரஹானேவை 50 லட்சத்துக்கு எடுத்ததும் அதே கெட்டிக்காரத்தனம். அனுபவத்தை மலிவாக வாங்குவது வேறு. அனுபவத்துக்கு 18 கோடி கொடுத்து, ராஜாவாக உட்காரவைப்பது வேறு. அஸ்வினை 2025-க்காக 9 கோடியே 75 லட்சம் கொடுத்துக் கூட்டிவந்தார்களே... ஒரே சீசன். ஆகஸ்டில் அவர் ஐ.பி.எல்-லுக்கே கும்பிடு போட்டுவிட்டார்.

அதே டாடீஸ் ஆர்மி 2020-இல் என்ன ஆனது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முதல்முறையாக பிளே-ஆஃபுக்குப் போகவில்லை. ஏழாவது இடம். ஏன் பையன்களுக்கு வாய்ப்புத் தரவில்லை என்று கேட்டபோது, அவர்களிடம் 'ஸ்பார்க்' தெரியவில்லை என்ற ரீதியில் கேப்டன் தோனி பதில் சொன்னார். எல்லாம் முடிந்துபோன பிறகு, இழக்க எதுவும் இல்லாத கடைசி ஆட்டங்களில் ருதுராஜ் கெய்க்வாட்டை இறக்கினார்கள். கடைசி மூன்று ஆட்டத்தில் மூன்று அரை சதம். அடுத்த வருடம் அதே பையன் 635 ரன் எடுத்து ஆரஞ்சு தொப்பி வாங்கினார். சென்னை கோப்பை வாங்கியது. ஸ்பார்க் பையனிடம் இருந்தது. தீக்குச்சியைப் பெட்டியிலேயே வைத்திருந்தால் எப்படிப் பற்றும்?

2025-இலும் அதே கதைதான். சீசன் கைநழுவிப் போன பிறகுதான் 17 வயது ஆயுஷ் மாத்ரேவும் டெவால்ட் பிரெவிஸும் மாற்று வீரர்களாக வந்தார்கள். பெங்களூருவுக்கு எதிராக மாத்ரே 48 பந்தில் 94 அடித்தார். அந்த வருடம் அணியின் சிறந்த பந்துவீச்சாளர் யார்? 24 விக்கெட் எடுத்த நூர் அகமது. வயது 20.

நான் கடைசியில் கேட்க விரும்புவது ஒன்றைத்தான். மூத்தவரை வைத்துக்கொண்டே இருப்பதற்கு யார் விலை கொடுக்கிறார்கள்? முதலாளி கொடுப்பதில்லை. அவருக்கு டிக்கெட் விற்றுவிடுகிறது. மூத்தவரும் கொடுப்பதில்லை. பெஞ்சில் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருக்கிற பையன் கொடுக்கிறான்.

சாய் கிஷோர் என்ற சென்னைப் பையன் 2020, 2021 இரண்டு சீசன் சென்னை அணியில் இருந்தார். இடக்கை சுழல். ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. அவர் இடத்தில் இருந்தவர் ஜடேஜா, நியாயம்தான். 2022-இல் குஜராத் அவரை எடுத்தது. அந்த வருடமே ஃபைனலில் ஆடி கோப்பையைத் தூக்கினார். வருண் சக்ரவர்த்தி சேப்பாக்கத்தில் சென்னை அணிக்கு வலைப்பயிற்சியில் பந்து போட்டவர். பெயர் வாங்கியது கொல்கத்தாவில். சாய் சுதர்சன் டி.என்.பி.எல்-லில் நம் கண் முன்னால் ஆடிய பையன். 20 லட்சத்துக்கு குஜராத் கொத்திக்கொண்டு போனது. நாம் ஜடேஜாவின் ஃபோரைக் கொண்டாடுகிறோமே அந்த 2023 ஃபைனல், அதில் நமக்கு எதிராக 47 பந்தில் 96 அடித்தது இந்தச் சென்னைப் பையன்தான். 2025-இல் நாம் கடைசி இடத்தில் கிடந்தபோது 759 ரன்னோடு ஆரஞ்சு தொப்பி போட்டிருந்ததும் அவர்தான்.

இந்த இடத்தில் எங்கள் ஏரியா ஆட்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். அது பலமான கேள்வி. 'எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் ஆலையில் வி.ஆர்.எஸ். என்று பேர் வைத்து, வயசானவனை வெளியே தள்ளிட்டு கான்ட்ராக்ட்ல பையனை எடுக்கறானே, அதுவும் இதுவும் ஒண்ணுதானே? அதை எதிர்க்கிற நீ இதை எப்படி ஆதரிக்கிறே?'

ஒன்று இல்லை. ஆலைத் தொழிலாளியை வெளியே அனுப்பினால் அவர் குடும்பத்து அடுப்பு அணைகிறது. அவர் வேலைக்கு வருகிற பையனுக்கும் பாதிச் சம்பளம்தான், பி.எஃப் கிடையாது. இரண்டு பேருமே தோற்கிறார்கள், முதலாளி மட்டும் ஜெயிக்கிறார். ஜடேஜா விஷயத்தில் அவர் அதே வேலையை, அதே கௌரவத்தோடு, கோடிகளில் இன்னொரு இடத்தில் செய்யப் போகிறார். இங்கே ஒரு நாற்காலி காலியாகிறது. யார் வயிற்றிலும் அடிக்கவில்லை. உழைக்கிறவர்கள் மீது இருக்கிற நியாயமான பரிவை, கோடீஸ்வர வியாபாரத்துக்கு முட்டுக்கொடுக்கச் செலவு செய்யாதீர்கள்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கிட்டத்தட்ட ஐ.பி.எல் நடக்கிற அதே நாட்கள். அந்த நேரம் காசிமேட்டுக்குப் போய்ப் பாருங்கள். படகுகளைக் கரையேற்றிப் பலகை மாற்றுவார்கள், என்ஜினைப் பிரிப்பார்கள். 'இந்தப் பலகை எத்தனை புயலைத் தாங்கியது தெரியுமா' என்று சொல்லி உளுத்த பலகையை விட்டுவைக்கிற படகுக்காரர் யாரும் கிடையாது. விட்டுவைத்தால் அடுத்த தடவை கடலில் போகிற உயிர் அவருடையதாக இருக்காது, ஏறிப் போகிறவனுடையதாக இருக்கும். வயதான கடலோடிக்கு மரியாதை வேறு விதமாகக் கிடைக்கும். அவர் கரையில் உட்கார்ந்து வலை பின்னுவார். எந்தப் பருவத்தில் எங்கே மீன் என்று பையன்களுக்குச் சொல்வார்.

இந்தச் சிக்கலில் மாட்டியது நாம் மட்டும் இல்லை. ஆஸ்திரேலியாவில் கையாலும் காலாலும் ஆடுகிற ஒரு கால்பந்து உண்டு. அங்கே ஹாதார்ன் என்ற அணி 2013, 2014, 2015 மூன்று வருடம் தொடர்ந்து சாம்பியன். 2016-இல் அணிக்கு வயதாகிவிட்டது என்று தெரிந்ததும், முன்னாள் கேப்டன் சாம் மிட்செலையும் ஜோர்டான் லூயிஸையும் வெவ்வேறு அணிகளுக்கு அனுப்பிவிட்டது. உடனே பலன் கிடைக்கவில்லை. அடுத்த வருடம் 18 அணிகளில் 12-வது. ஆனால் உறவு அறுந்துபோகவில்லை. அனுப்பப்பட்ட அதே மிட்செல் 2022-இல் ஹாதார்னுக்கே தலைமைப் பயிற்சியாளர் ஆனார். 2024-இலும் 2025-இலும் அவருடைய இளம் அணி கடைசிக்கட்டச் சுற்றுகளுக்குப் போனது. எதிர் உதாரணமும் உண்டு. ஜீலாங் என்ற அணி 2022-இல் அந்தப் போட்டியின் வரலாற்றிலேயே மிக வயதான அணியாக ஆடி கோப்பையை வென்றது. ஆனால் ஜீலாங் விழுந்து கிடந்த அணி இல்லை. மேலேயே நின்றுகொண்டிருந்த அணி. ஓடுகிற வண்டியின் பழைய டயரை இன்னும் கொஞ்சம் ஓட்டிப் பார்க்கலாம். பள்ளத்தில் கிடக்கிற வண்டிக்கு அந்த வசதி இல்லை.

இவ்வளவும் பேசிவிட்டு ஒரு பெயரைத் தவிர்த்தால் அது கோழைத்தனம். தோனி.

ஜடேஜாவுக்குப் பொருந்துகிற கணக்கு தோனிக்கு ஏன் பொருந்தவில்லை? 2025-இல் பெங்களூருவுக்கு எதிராகத் தோற்றுக்கொண்டிருந்தபோது அவர் ஒன்பதாவதாக இறங்கினார். அவர் முழங்கால் பழையபடி இல்லை, பத்து ஓவர் நின்று ஆட முடியாது என்று கோச் ஸ்டீபன் ஃபிளெமிங்கே வெளிப்படையாகச் சொன்னார். அதே வருடம் நவம்பரில் 36 வயதுக்காரரை விற்றார்கள், 27 வயதுக்காரரைச் சேர்த்து விற்றார்கள், 44 வயதுக்காரரைத் தக்கவைத்தார்கள். சம்பளம் 4 கோடிதானே என்பார்கள். பிரச்னை சம்பளம் இல்லை. ஒரு அணியில் 11 இடம்தான். அந்த ஓர் இடத்தைச் சுற்றித்தான் மற்ற பத்து இடமும் அடுக்கப்படுகிறது. கீப்பராக சாம்சனைக் கொண்டுவந்தது புத்திசாலித்தனம். ஆனால் வாரிசை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டு, சாவிக்கொத்தை இடுப்பிலேயே வைத்திருந்தால் என்ன பிரயோஜனம்? அவரை விற்கச் சொல்லவில்லை. அவருக்கு விலை போட யாராலும் முடியாது. காசிமேட்டுக் கரையில் அந்தப் பெரியவர் உட்காருகிற இடத்தில் இவரும் உட்காரலாம் என்கிறேன். நாலு உலகக் கோப்பைக்குச் சமமான புத்தி அவர் தலைக்குள் இருக்கிறது. அதைப் பையன்களுக்குக் கொடுக்க முழங்கால் தேவையில்லை.

தாமதத்துக்கு இன்னொரு பில்லும் வந்தது. 2025 டிசம்பர் ஏலத்தில் இந்தியாவுக்காக ஒரு ஆட்டமும் ஆடாத பிரஷாந்த் வீர், கார்த்திக் சர்மா இரண்டு பேரையும் தலா 14 கோடியே 20 லட்சத்துக்கு எடுத்தார்கள். ஜடேஜாவுக்கு ராஜஸ்தான் தருவதைவிட ஒவ்வொருவருக்கும் 20 லட்சம் அதிகம். இளைஞர்களை நம்புகிறார்கள், சந்தோஷம். ஆனால் 20 லட்சத்துக்குக் கிடைத்த பையன்களைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு பார்க்காமல் விட்டவர்கள், இப்போது 28 கோடியே 40 லட்சம் கொடுத்து அதே இளமையை வாங்குகிறார்கள். வீட்டுக் கிணற்றைத் தூர் வாராமல் விட்டுவிட்டு லாரித் தண்ணீர் வாங்குகிற கதை.

ஒரு சீசன் பாயின்ட் டேபிளை நீட்டி, 'பார்த்தாயா, உன் வாதம் ஜெயித்தது' என்றோ 'தோற்றது' என்றோ சொல்லாதீர்கள். திரும்பக் கட்டுகிற வேலைக்கு மூன்று வருடமாவது பிடிக்கும். அதுவரை நிர்வாகத்திடம் கேட்க வேண்டியது ஒன்றுதான். இனி யாரையும் மதிப்பு பூஜ்யமாகும்வரை வைத்திருக்காதீர்கள். அந்த விதியில் யாருக்கும் விதிவிலக்கு வைக்காதீர்கள்.

ரசிகர்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ராஜஸ்தான் சட்டையில் ஜடேஜா சேப்பாக்கத்துக்கு வந்தால், எழுந்து நின்று கைதட்டுங்கள். அவர் அவுட் ஆவதற்காக இல்லை, அவருக்காக. அதே கையோடு, புதிதாக இறங்குகிற நம் பையன் முதல் மூன்று ஆட்டத்தில் சொதப்பினாலும் நாலாவது ஆட்டத்துக்கும் பொறுமையாக இருங்கள். தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் டென்னிஸ் பால் டோர்னமென்ட் ஆடிக்கொண்டிருக்கிற பையன், தனக்கு முன்னால் இருக்கிற வரிசை நகர்கிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறான்.